நியூஸையும் வசனத்தையும் சேர்த்துப் படிக்கறது எப்படி? சபையில பேசறவங்களுக்கும் வீட்டுல உக்காந்து வேதம் வாசிக்கறவங்களுக்கும்

சனிக்கிழமை ராத்திரி எங்கயோ ஒரு பெரிய பூமியதிர்ச்சின்னு நியூஸ் வருது, மறுநாள் காலைல நீங்க ஆராதனையில ஜெபம் பண்ணணும், இல்ல வாலிபர் கூட்டத்துல பேசணும், இல்ல பேச வேண்டிய பொறுப்பே இல்லாம வீட்டுல பிள்ளைங்க "ஏன் இப்படி நடக்குது"ன்னு கேக்கறாங்க. இப்ப என்ன பண்ணுவோம்? முக்கால்வாசி பேர் போனை எடுத்து பைபிள் ஆப்ல "பூமியதிர்ச்சி"ன்னு தேடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் பண்ணினேன். முதல்ல அந்தப் பழக்கத்தை விடணும், ஏன்னு சொல்றேன்.

அந்த ஒரே வார்த்தையைத் தேடிப் பாருங்க. எலியா ஓரேப் மலையில நின்னப்ப "பூமி அதிர்ச்சியிலும் கர்த்தர் இருக்கவில்லை"ன்னு 1 இராஜாக்கள் 19ல வரும். ஆமோஸ் புஸ்தகம் முதல் வசனத்துல பூமியதிர்ச்சி ஒரு வருஷக் கணக்குக்காக மட்டும் வருது, அது வர ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவர் தரிசனம் கண்டார்னு. மத்தேயு 24ல அது வேதனைகளுக்கு ஆரம்பம், 28ல கல்லறைக் கல் புரளும்போதும் பூமி அதிருது, அப்போஸ்தலர் 16ல அதே பூமியதிர்ச்சி சிறைக் கதவைத் திறந்துவிடுது. ஒரே வார்த்தை, அஞ்சு இடத்துல அஞ்சு விதம். இதுல எது இன்னைக்கு நியூஸ்ல வந்ததோட சேருதுன்னு ஆப் சொல்லாது, நம்ம மனசுல அன்னைக்கு என்ன கோபமோ பயமோ இருக்கோ அதுக்கு ஏத்த வசனத்தைத்தான் கை தானா எடுக்கும்.

அதனால வசனத்துக்குப் போறதுக்கு முன்னாடி நியூஸை ஒழுங்கா படிங்க. தலைப்பு மட்டும் இல்ல, முழுசா, ரெண்டு மூணு இடத்துல. எங்க நடந்தது, யார் பாதிக்கப்பட்டாங்க, இப்ப அவங்களுக்கு என்ன தேவை, எது இன்னும் உறுதியாகல, இதெல்லாம். வாட்ஸப்ல வர வீடியோ பாதி நேரம் வேற வருஷத்துல வேற நாட்டுல எடுத்ததா இருக்கும், அதை சபை குரூப்ல ஃபார்வர்ட் பண்ணி "ஜெபியுங்கள்"னு போட்டுட்டா அது சரியாயிடாது. பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற கட்டளை ஜெபக் குறிப்புக்கும் சேர்த்துதான். நீதிமொழிகள் 18:17 எனக்கு ரொம்பப் பிடிச்ச வசனம், முதல்ல பேசறவன் நீதிமான் மாதிரி தெரிவான், அப்புறம் அடுத்தவன் வந்து பரிசோதிக்கறான்னு. கலவரம், சண்டை, சபைப் பிரிவினை மாதிரி விஷயத்துல இந்த ஒரு வசனத்தை மட்டும் கடைபிடிச்சாலே பாதி தப்பைத் தவிர்த்துடலாம். ஒரு நாள் பொறுத்துப் பேசறதுல எந்த நஷ்டமும் இல்ல, உறுதியா தெரியலைன்னா பாதிக்கப்பட்டவங்களுக்காக மட்டும் ஜெபம் பண்ணிட்டு காரணத்தைப் பத்தி பேசாம விட்டுடுங்க.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்னு இருக்கு

லூக்கா 13 முதல் அஞ்சு வசனம். செய்தியையும் வேதத்தையும் சேர்க்க விரும்பற யாரும் இதை மனப்பாடமா வச்சுக்கணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா இயேசுகிட்ட நேரா அன்னைக்கு நியூஸைக் கொண்டு வந்து கொடுத்து கருத்து கேட்ட இடம் இது. கலிலேயர் சிலர் பலி செலுத்தும்போது பிலாத்து அவங்களைக் கொன்னுட்டான்னு வந்து சொல்றாங்க, அது அரசாங்கம் பண்ணின கொடுமை. அதுக்கு இயேசு தானாவே இன்னொன்னையும் சேர்க்கறார், சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அது விபத்து. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இவங்க மத்தவங்களைவிட பெரிய பாவிங்கன்னு நினைக்கறீங்களான்னு கேட்டுட்டு "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்"னு ரெண்டு தடவை சொல்றார். அதோட நிக்காம, நீங்க மனந்திரும்புங்கன்னு விரலை செத்தவங்க பக்கத்துலேர்ந்து எடுத்து கேட்டவங்க பக்கம் திருப்பறார். யோவான் 9லயும் இதேதான், பிறவிக்குருடனைப் பார்த்ததும் சீஷருங்க கேட்ட முதல் கேள்வி யார் செஞ்ச பாவம்னு, அதுக்கு வந்த பதில் அது இவன் செஞ்ச பாவமும் இல்ல, பெத்தவங்க பாவமும் இல்லன்னு.

அப்ப வேதத்துல தேவன் நியாயந்தீர்க்கறதே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, ஆமோஸ் இருக்கு, எரேமியா இருக்கு. ஆனா அங்கெல்லாம் தேவன் அனுப்பின ஒரு தீர்க்கதரிசி, முன்கூட்டியே, பெரும்பாலும் தன் சொந்த ஜனத்தைப் பார்த்து, என்ன பாவம்னு பேர் சொல்லி, அழுதுகிட்டே சொல்றான். நடந்து முடிஞ்சப்புறம் டிவில பார்த்துட்டு, நமக்குத் தெரியாத ஊர்ல செத்தவங்களைப் பத்தி நாம சொல்ற தீர்ப்பு அந்த வகையில சேராது.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு கத்துக்கல. பல வருஷம் முன்னாடி ஒரு வெள்ளம் வந்த வாரம், ஜெபக்கூட்டத்துல அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க, நான் நோவா காலத்து ஜலப்பிரளயத்தை எடுத்து அந்த ஊர் ஜனங்களோட அக்கிரமம்னு ஆரம்பிச்சுட்டேன். கடைசி வரிசையில உக்காந்திருந்த ஒரு அம்மாவோட அண்ணன் குடும்பம் அந்த ஊர்லதான் இருந்தது, ரெண்டு நாளா போன் போகல. கூட்டம் முடிஞ்சதும் அவங்க யார்கிட்டயும் பேசாம போயிட்டாங்க. மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன், மன்னிச்சுட்டாங்க, ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தை என்னால திரும்ப எடுத்துக்க முடியல. அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட பழக்கம் இதுதான், எழுதினதை ஒரு தடவை செத்தவங்களோட அம்மா கடைசி வரிசையில உக்காந்து கேக்கறதா நினைச்சு வாசிச்சுப் பார்ப்பேன், அவங்க முன்னாடி சொல்ல முடியாத வரி எல்லாம் வெட்டிடுவேன்.

கேட்க வேண்டிய கேள்வி

அப்போஸ்தலர் 11:27லேர்ந்து 30 வரைக்கும் நாலே வசனம்தான், ஆனா முழு வழிமுறையும் அதுல இருக்கு. அந்தியோக்கியா சபைக்கு அகபுன்னு ஒரு தீர்க்கதரிசி வரான், உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரும்னு சொல்றான், கிலவுதியு ராயன் காலத்துல அது நடந்தும் போச்சு. இதைவிட பெரிய கடைசிக்கால செய்தி என்ன வேணும்? நம்ம ஆளுங்க கைல கிடைச்சிருந்தா ஒரு மாசத்துக்கு யூடியூப்ல தொடர் செய்தி ஓடியிருக்கும். ஆனா அந்தியோக்கியா சபை இது யார் பாவம்னு கேக்கல, முடிவு எப்பன்னும் கேக்கல, அவரவர் திராணிக்குத் தக்கதா யூதேயாவுல இருக்கற சகோதரருக்குப் பணம் அனுப்பணும்னு தீர்மானம் பண்ணினாங்க, பர்னபா சவுல் கைல கொடுத்து அனுப்பியும் விட்டாங்க, அவ்வளவுதான். தீர்க்கதரிசனத்தைக் கேட்டு அவங்க எழுதின விளக்கவுரை ஒரு பணப்பை.

அதனால எந்த நியூஸ் வந்தாலும் முதல்ல கேக்க வேண்டியது, இதுல யார் கஷ்டப்படறாங்க, அவங்களுக்கு நம்ம சபையால என்ன அனுப்ப முடியும். பணமா, ரத்தமா, ஆளா, துணிமணியா, இல்ல ஒரு போன் காலா. இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன பதிலாவது கைல இருந்தா அப்புறம் வசனம் எடுங்க, அப்ப பாருங்க வசனம் தேர்ந்தெடுக்கறதே மாறிடும்.

இதுல காசு விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா நிறைய சபையில நல்ல மனசோட ஆரம்பிச்சு இங்கதான் மனஸ்தாபத்துல முடியுது. பவுல் எருசலேம் ஏழைகளுக்காக சேர்த்த காணிக்கையைப் பத்தி 1 கொரிந்தியர் 16லயும் 2 கொரிந்தியர் 8, 9லயும் எழுதறார். வாரத்தின் முதல் நாள்ல ஒவ்வொருத்தரும் தன் வரவுக்குத் தக்கதா எடுத்து வைக்கணும், தான் வந்து அவசரமா வசூல் பண்ணக்கூடாது, கொண்டு போறவங்களை நீங்களே தேர்ந்தெடுங்கங்கறார். 2 கொரிந்தியர் 8:20, 21ல இந்தப் பணத்தைப் பத்தி ஒருத்தரும் எங்களைக் குத்தம் சொல்லாதபடி, கர்த்தர் முன்னாடி மட்டும் இல்ல மனுஷர் முன்னாடியும் ஒழுங்கா நடக்கறோம்னு எழுதியிருக்கார். அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டதுன்னா நமக்கு ரசீது, ரெண்டு பேர் எண்ணறது, எவ்வளவு வந்தது எங்க போச்சுன்னு அறிவிப்புல வாசிக்கறது எல்லாம் ஆவிக்குரிய காரியம்தான். விசுவாசமில்லாதவங்க பண்ற வேலைன்னு யாராவது சொன்னா இந்த வசனத்தைக் காட்டுங்க.

கடைசிக்காலம், யுத்தம், தேதி

யுத்தச் செய்தி வந்த உடனே எசேக்கியேல் 38ல வர கோகு மாகோகு யுத்தம், வெளிப்படுத்தல் 13ல வர மிருகம், அதோட எண் 666, இதெல்லாம் குரூப்ல சுத்த ஆரம்பிக்கும். பயத்துல அனுப்பறாங்க, அவங்களைத் திட்ட வேண்டாம். ஆனா மத்தேயு 24:6ஐ முழுசா வாசிச்சுக் காட்டுங்க. யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீங்கங்கறது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு அடுத்தாப்ல இருக்கறது கலங்காதபடி எச்சரிக்கையா இருங்க, முடிவு உடனே வராதுங்கறதுதான். அதாவது யுத்தச் செய்தி வரும்போது பதறாம இருக்கறதுக்குக் கொடுத்த வசனத்தை நாம பதட்டத்தைக் கிளப்பறதுக்குப் பயன்படுத்திக்கிட்டு இருக்கோம்.

தேதி சொன்னவங்க கதையும் சபைக்குத் தெரியணும். அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கற பிரசங்கியாரோட கணக்கை நம்பி ஆயிரக்கணக்கான பேர் 1844 அக்டோபர் 22 அன்னைக்கு கர்த்தர் வருவார்னு காத்திருந்தாங்க, பயிரை அறுக்காம விட்டவங்ககூட உண்டு. ஹெரால்ட் கேம்பிங்னு ஒரு ரேடியோ பிரசங்கியார் 1994னு சொல்லி, அது நடக்காம, அப்புறம் 2011 மே 21னு சொல்லி, அதுவும் நடக்காம, அக்டோபர்னு தள்ளிப் போட்டார், நம்பினவங்கள்ல சேமிப்பை எல்லாம் செலவு பண்ணினவங்க இருந்தாங்க, கடைசில 2012ல தேதி சொன்னது பாவம்னு அவரே எழுதி ஒத்துக்கிட்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாருக்கும் தெரியாதுன்னு மத்தேயு 24:36 அவங்க கைல இருந்த அதே பைபிள்லதான் இருந்தது.

வெளிப்படுத்தல் படிக்கும்போது எனக்கு உதவற ஒரு சோதனை சொல்றேன். அது ஆசியாங்கற ரோம மாகாணத்துல (இன்னைக்கு துருக்கி) இருந்த ஏழு சபைக்கு எழுதின நிருபம், முதல் அதிகாரத்துலயே பேர் பேரா இருக்கு. நாம கொடுக்கற விளக்கம் அந்த ஏழுல ஒன்னான சிமிர்னாவுல ரோம ராஜ்யத்துக்குப் பயந்துகிட்டு ஒளிஞ்சு கூடின ஒரு விசுவாசிக்கு ஒன்னுமே புரியாத மாதிரி இருந்தா, மிருகத்தோட முத்திரை இதுதான்னு பார்கோடு, கிரெடிட் கார்டு, தடுப்பூசி, சிப்னு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே வந்த மாதிரி, அந்த விளக்கத்தைக் கீழ வச்சுட்டு அவனுக்கு அது என்ன தைரியம் கொடுத்ததுன்னு கேளுங்க. அந்த தைரியம் நமக்கும் பொருந்தும்.

வசனத்தை அதிகாரத்தோட எடுங்க

நம்ம கைல இருக்கற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டுல ஸ்டீஃபன் லாங்டன் பண்ணினது, புதிய ஏற்பாட்டு வசன எண் ராபர்ட் எத்தியென்ங்கற அச்சுக்காரர் 1551ல போட்டது. தேடறதுக்கு வசதிதான், ஆனா அந்த எண்ணு இருக்கறதாலதான் நாம ஒரு வரியைப் பிடுங்கி ஸ்டேட்டஸ் வைக்கறோம். சிறைபிடிச்சுக் கொண்டு போகப்பட்டு எரேமியாவோட கடிதத்தைப் பாபிலோன்ல வாங்கினவங்க அதை ஒரே மூச்சுல கேட்டிருப்பாங்க.

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கங்க, எரேமியா 29:11. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு, அது தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு, பரீட்சை, வேலை, கல்யாணம் எல்லாத்துக்கும் எடுப்போம். ஒரு வசனம் மேல போனா ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும்னு இருக்கு. கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாமயே செத்துப் போயிருப்பாங்க. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு சொல்லி பாபிலோனுக்குக் கீழ்ப்படியணும்கறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல இருந்த நுகத்தை உடைக்கறான், ஜனங்களுக்கு அவன்தான் பிடிச்சிருக்கும், ஆனா அவனைக் கர்த்தர் அனுப்பலைன்னு எரேமியா முகத்துக்கு நேரா சொல்றார். அப்படின்னா 29:7ல சொன்ன மாதிரி, அவங்களைச் சிறைபிடிச்ச அந்த ஊரோட சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணி, அங்கயே வீடு கட்டி தோட்டம் போட்டு வாழச் சொல்ற வாக்குத்தத்தம் இது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன குடும்பம் உங்க சபையில இருந்தா, அகதியா வந்தவங்க இருந்தா, அவங்களுக்கு இந்த முழு அதிகாரத்தையும் வாசிச்சுக் காட்டுங்க, ஒத்தை வரியைவிட நூறு மடங்கு ஆறுதல் அதுல இருக்கு.

கோவிட் வந்த 2020ல சங்கீதம் 91தான் எங்க பார்த்தாலும். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்" விழுந்தாலும் உன்னை அணுகாதுன்னு. நான் அந்த சங்கீதத்தை நேசிக்கறேன், பயத்துல தூக்கம் வராதப்ப சொல்லியிருக்கேன். ஆனா மத்தேயு 4ல அதே சங்கீதத்தை எடுத்து, குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு சொன்னது பிசாசு, கர்த்தரைப் பரீட்சை பாராதேன்னு உபாகமத்துலேர்ந்து பதில் சொன்னது இயேசு. மாஸ்க் வேண்டாம், கூட்டத்தை நிறுத்த வேண்டாம்னு அந்த சங்கீதத்தைக் காட்டினவங்க எந்தப் பக்கம் நின்னாங்கன்னு யோசிக்கணும். 1527ல விட்டன்பர்க்ல கொள்ளைநோய் வந்தப்ப மார்ட்டின் லூதர் நோயாளிகளை விட்டு ஓடல, ஊர்லயே இருந்தார். அதே சமயம் மருந்து சாப்பிடணும், வீட்டுக்குப் புகை போடணும், தேவை இல்லாத இடத்துக்குப் போகக்கூடாதுன்னும் எழுதி வச்சார். விசுவாசமும் ஜாக்கிரதையும் ஒரே ஆள்கிட்ட இருந்தது.

தேர்தல் சமயத்துக்கு ரெண்டு 13ஐ சேர்த்துப் படிங்க. ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லுது, பவுல் அதை எழுதினது கி.பி. 57 வாக்குல, ராயனா இருந்தது நீரோ. வெளிப்படுத்தல் 13ல அதே ரோம ராஜ்யம் கடல்லேர்ந்து ஏறி வர மிருகமா தெரியுது. ஆளுங்கட்சி பிடிச்சவங்க முதல் 13ஐயும் பிடிக்காதவங்க அடுத்த 13ஐயும் மட்டும் வாசிப்பாங்க, சபை ரெண்டையும் வாசிக்கணும், 1 தீமோத்தேயு 2ல சொன்ன மாதிரி அதிகாரத்துல இருக்கற எல்லாருக்காகவும் பேர் சொல்லி ஜெபிக்கணும். பிரசங்க மேடையிலேர்ந்து கட்சிப் பேர் சொல்லி ஓட்டு கேக்கறது என் பார்வையில சரியில்ல, ஏன்னா கீழ உக்காந்திருக்கறவங்க எழுந்து பதில் பேச முடியாது.

பெரிய நியூஸைவிட கமிட்டி மீட்டிங்

உண்மையைச் சொல்லணும்னா எங்கயோ நடக்கற யுத்தத்தோட வசனத்தைச் சேர்க்கறது சுலபம், யாரும் நம்மகிட்ட வந்து சண்டை போட மாட்டாங்க. சபைக்குள்ள நடக்கறதோட சேர்க்கறதுதான் கஷ்டம். புதிய ஏற்பாட்டுல பாதி நிருபம் அதுக்காகத்தான் எழுதியிருக்கு.

சபைக் கட்டடம் கட்டும்போது எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டின நெகேமியாவை எடுக்காத ஆள் இல்ல, எழுந்து கட்டுவோம் வாருங்கள்னு. ஆனா அஞ்சாம் அதிகாரத்துல மதில் வேலை நடுவுலயே ஏழைங்க அழற சத்தம் கேக்குது, நிலத்தையும் பிள்ளைங்களையும் அடமானம் வச்சுட்டோம்னு, நெகேமியா கோபப்பட்டு, பெரியவங்களைக் கூப்பிட்டு, வட்டியை விடுங்க, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு சத்தியம் வாங்கறான், தானும் 12 வருஷம் அதிபதிக்கு உண்டான படியை வாங்கல. கட்டட நிதி கேக்கற ஞாயித்துக்கிழமை அந்த அதிகாரத்தையும் வாசிங்க, சபையில யார் கடன்ல இருக்காங்கன்னு மூப்பருங்க விசாரிச்சுட்டு அப்புறம் பையை அனுப்பட்டும். தசமபாகத்துக்கு மல்கியா 3:10 எடுத்தா 3:5ஐயும் எடுங்க, கூலிக்காரன் கூலியைப் பிடிச்சு வைக்கறவனுக்கும் விதவையையும் பரதேசியையும் ஒடுக்கறவனுக்கும் விரோதமா கர்த்தர் சாட்சியா வரேன்னு இருக்கு. சபையில பெருக்கறவங்க, காவல் இருக்கறவங்க சம்பளம் போன மாசம் ஒழுங்கா போச்சான்னு பார்க்கறது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படியறதுதான்.

உதவி கிடைக்கலைன்னு ஒரு கூட்டம் முறுமுறுத்தா அப்போஸ்தலர் 6. கிரேக்கம் பேசற யூத விதவைகளை அன்றாட உதவியில விட்டுட்டாங்கன்னு புகார், அப்போஸ்தலர்கள் முறுமுறுக்காதேன்னு பிரசங்கம் பண்ணி அடக்கல, எல்லாரையும் கூட்டி ஏழு பேரை நியமிச்சாங்க. அந்த ஏழு பேரையும் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, எல்லாமே கிரேக்கப் பேர். புகார் சொன்ன பக்கத்து ஆளுங்ககிட்டயே பொறுப்பைக் கொடுத்துட்டாங்க. இதைப் படிச்சப்புறம் உங்க கமிட்டி லிஸ்டை எடுத்துப் பாருங்க, யார் பக்கம் ஆள் இல்லன்னு தெரியும். நாற்காலி யாருக்கு முன்னாடி போடறோம்ங்கறதுக்கு யாக்கோபு 2, திருவிருந்துல யார் ஒதுக்கப்படறாங்கங்கறதுக்கு 1 கொரிந்தியர் 11. ஆள் கம்மியா வந்த கூட்டத்துல "இரண்டுபேராவது மூன்றுபேராவது"ன்னு ஆறுதலுக்குச் சொல்ற மத்தேயு 18:20, குத்தம் பண்ணின சகோதரனை முதல்ல தனியா போய்ப் பார், அப்புறம் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போன்னு சொன்ன பேச்சோட தொடர்ச்சி, அதனால குரூப்ல ஒருத்தரைப் பத்தி பொதுவுல போடறதுக்கு முன்னாடி அதைத் திறங்க.

ஜெபத்துல எப்படிச் சொல்றது

நியூஸுக்குப் பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல. சங்கீதங்கள்ல மூணுல ஒரு பங்கு கிட்ட புலம்பல்தான், 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் வெளிச்சம் வராமயே முடியுது, அதையும் வேதத்துல வச்சிருக்காங்க. துக்கம் நடந்த வாரம் அதை மெதுவா வாசிங்க, நடந்த இடத்தோட பேரைச் சொல்லுங்க, செத்தவங்க, காயப்பட்டவங்க, தேடிக்கிட்டு இருக்கற குடும்பம், மீட்பு வேலையில இருக்கறவங்க, டாக்டர், நர்ஸ்னு ஒவ்வொருத்தரா சொல்லி, ஒரு நிமிஷம் அமைதியா இருங்க, பாட்டை உடனே ஆரம்பிக்க விடாதீங்க, மைக்ல மியூசிக்கும் வேண்டாம். அழுகிறவர்களுடனே அழுங்கள்னு ரோமர் 12:15ல இருக்கறதுக்கு அந்த ஒரு நிமிஷம் இடம் கொடுக்கும். பிள்ளைங்களுக்கு சண்டே ஸ்கூல்ல படமோ வீடியோவோ காட்டாதீங்க, அவங்க என்ன கேள்விப்பட்டாங்கன்னு முதல்ல கேளுங்க, ஏன்னு கேட்டா தெரியலைன்னு தைரியமா சொல்லுங்க, லாசரு கல்லறை கிட்ட இயேசு அழுதார்ங்கறதைச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்க. இடது பக்கம் தேதி, என்ன நடந்தது, என்ன வசனம் வாசிச்சோம். வலது பக்கம் என்ன அனுப்பினோம், யார்கிட்ட பேசினோம், இன்னும் என்ன பாக்கி. நியூஸ் சேனல் ரெண்டு வாரத்துல அடுத்ததுக்குப் போயிடும், ஆனா கொரிந்து சபை ஆரம்பிச்ச காணிக்கையை ஒரு வருஷம் கழிச்சும் பவுல் விடாம, ஆரம்பிச்சதை முடிங்கன்னு கேட்டு எழுதறார். அதே மாதிரி மூணு மாசம் கழிச்சு ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல அந்த நோட்டைத் திறந்து, பாக்கின்னு எழுதி வச்ச குடும்பத்துக்குப் போன் போட்டது யார்னு கேளுங்க.